பாலர் வகுப்பில் பாட்டு: சுருதி, வேகம், காத்திருத்தல்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பாட இனிய குரல் வேண்டியதில்லை. சுருதி, அதாவது குரலை எடுக்கும் உயரம், சரியாக இருந்தால் போதும். பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு வசதியாகத் தாழ்ந்த சுருதியில் எடுத்துவிடுகிறோம். பிள்ளைகளின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. அதனால் அவர்கள் பேச்சுக்குரலில் முனகுவார்கள், இல்லையேல் கத்துவார்கள். கீபோர்டின் நடு 'சி'யை அடுத்த 'டி'யில் தொடங்கி, மேலே 'ஏ' வரை, அதாவது நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் 'கட்டை' கணக்கில் 2 கட்டை முதல் 6 கட்டைக்குள் அடங்கும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். ஆண் குரல் பிள்ளைகளின் குரலைவிடத் தாழ்ந்தது; அதனால் பாடுபவர் ஆண் என்றால் மெட்டைக் கீபோர்டில் ஒருமுறை வாசித்துக் காட்டுவது நல்லது.

வேகத்திலும் இதே சிக்கல்தான். சிறு பிள்ளைகளுக்கு இயல்பான தாளம் நம்முடையதைவிட விரைவானது. நிமிடத்துக்கு 120 தட்டு அளவில் தொடங்கலாம். மெதுவாகத் தட்டினால் முந்திக்கொண்டு ஓடுவார்கள். முதலில் ஒரு பிள்ளையைத் தட்டவிட்டு, அந்த வேகத்துக்கு நீங்கள் பாடுங்கள். ஒலிப்பதிவு இப்படி யாருக்காகவும் வேகத்தை மாற்றாது, காத்தும் நிற்காது. அதனால்தான் ஒலிப்பதிவைப் போடாமல் நேரில் பாடச் சொல்கிறோம்.

புதுப் பாட்டை வரி வரியாக ஒப்பிக்க வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் முழுப் பாட்டையும் சைகையோடு இரண்டு முறை பாடுங்கள், அவர்கள் கேட்கட்டும். பிறகு கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்: "பூனை மெல்ல நடக்குது, பந்தைக் கண்டு..." இங்கே இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். "குதிக்குது!" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிட்டால், நினைவிலிருந்து சொல்லைத் தேடி எடுக்கும் வேலை அவர்களுக்கு இல்லாமல் போய்விடும்.

சொற்களைக் கைதட்டிப் பிரிப்பது பின்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க உதவும். இதில் அடிக்கடி நேரும் பிழை, எழுத்துக்கு ஒரு தட்டு தட்டுவது. 'பட்டாம்பூச்சி'யில் ஏழு எழுத்து உண்டு, ஆனால் காதுக்குக் கேட்பது பட்-டாம்-பூச்-சி என நான்கு துண்டுதான். நான்கு முறை தட்டினால் போதும். புள்ளி எழுத்துக்குத் தனித்தட்டு வேண்டாம்.

கிலுகிலுப்பை செய்யச் சிறு பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பங்கு தானியம் போடுங்கள். நிறைத்தால் உள்ளே அசைய இடமின்றி ஒலி மங்கும். மூடியைப் பசையால் ஒட்டி, மேலே டேப் சுற்றுவது கட்டாயம். தானியம் சிந்தினால் மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். விளையாட்டின் விதியைச் சொல்லி முடித்த பிறகே கருவியைக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பேசினால் ஒருவருக்கும் காதில் விழாது.

ஒரு அமர்வு 10 முதல் 15 நிமிடம் இருக்கலாம். வாரம் ஒருநாள் நீளமாகப் பாடுவதைவிடத் தினமும் கொஞ்சம் பாடுவதே பலன் தரும். வாயே திறக்காத பிள்ளையை வற்புறுத்தவோ, "சுருதி தப்பு" என்று திருத்தவோ வேண்டாம். அந்தப் பிள்ளையின் காலைப் பாருங்கள், பல நேரம் அது தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.