குளத்தைக் காலி செய்யாதீர்கள்: மலைவீட்டு நீச்சல் குளத்தில் பனிக்கு முன் நேரும் தவறுகள்

ஐப்பசி பிறந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான அழைப்பு வரத் தொடங்கிவிடும்: "தண்ணியெல்லாம் எடுத்துட்டோம் அண்ணா, இனிமே பனிக்குப் பயமில்லை." இந்த ஆண்டும் இரண்டு வீட்டார் இதைப் பெருமையுடன் சொன்னார்கள், இரண்டு இடங்களுக்கும் அன்றே ஓடி, குளம் மீண்டும் நிரம்பக் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன். தார்ப்பாயில் ஓட்டை, கழுவாத ஃபில்டர் போன்றவை எவர் கண்ணுக்கும் படுபவை என்பதால் அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

குளத்தை அடிவரை இறைப்பது

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். சரிவை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டில், 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட கான்கிரீட் குளத்தை நவம்பர் முதல் வாரத்தில் முற்றிலும் இறைத்து, தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று விட்டுவந்தேன். மூன்று நாள் விடாத மழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது, ஆழமான முனையில் விளிம்புக்கல் நடைதளத்தைவிட நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது. கீழே தெரிந்த இடைவெளிக்குள் என் உள்ளங்கை தடையின்றி நுழைந்தது. மேல்மட்ட நீரையும் மிதக்கும் குப்பையையும் இழுக்கும் ஸ்கிம்மரின் குழாய் கழுத்தோடு முறிந்திருந்தது. தரையின் குறுக்கே ஓடிய விரிசலிலிருந்து செம்மண் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குளம் கொள்ளும் நீர் 48,000 லிட்டர், அதாவது 48 டன். அந்த எடைதான் தொட்டியை மண்ணுக்குள் அழுத்திப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டிலிருந்து இறங்கும் நீர் சுவருக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் தேங்கும்போது, வெற்றுத் தொட்டி படகைப் போல மிதக்கப் பார்க்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மலை இது.

இதில் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, எந்தப் பனிக்கு அஞ்சி இறைக்கிறார்களோ அந்தப் பனியால் குளத்து நீருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதே. நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும் என்பதால், மேல்மட்டம் குளிரக் குளிர அது கீழே இறங்கி, அடியிலுள்ள நீர் மேலே வருகிறது. மொத்தக் குளமும் 4 டிகிரிக்கு வராமல் மேலே பனிக்கட்டி படர்வது கடினம். நம் உறைபனியோ விடியலுக்கு முன் சில மணி நேரம் நின்று, வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. நீரை ஸ்கிம்மர் வாய்க்குச் சற்றுக் கீழே வரை இறக்கினால் போதும். பழுது பார்க்க இறைத்தே ஆக வேண்டுமென்றால் மார்ச் மாதம் வரை பொறுத்து, பக்கத்தில் ஒரு குழி தோண்டி நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அது குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் இறையுங்கள்.

பம்பில் நீரை விட்டுவைப்பது

உறைபனி உண்மையில் உடைப்பது இதைத்தான். உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால், திறந்தவெளியில் நிற்கும் பம்பின் உடலும் மெல்லிய குழாய்களும் பிளந்துவிடுகின்றன. காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் குளிர்காற்று தேங்குவதால் அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும். பம்பின் அடியிலுள்ள திருகைக் கழற்றி நீரை வடித்தபின், அந்தத் திருகைப் பம்பின் வடிகூடைக்குள்ளேயே போட்டுவையுங்கள். சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்தவை என் கணக்கில் மூன்று.

கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை

ஊறவிட்டால் தரையில் பழுப்புக் கறை படியும். அள்ளிய பிறகே மூடுங்கள்.

குளோரினை நிறுத்துவது

குளிரில் பாசி மெதுவாக வளருமே தவிரச் சாகாது. மழைநீர் கலந்து மருந்தின் வீரியம் குறையும் என்பதால், குளோரினை நிறுத்தாமல், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மை) அளவை 7.2 முதல் 7.6 வரை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்.

தார்ப்பாயை நம்புவது

தார்ப்பாய் இலையைத் தாங்கும், காட்டெருமையைத் தாங்காது. இரவில் புல் மேய வரும் மாட்டுக்கு, விரித்த தார்ப்பாய் வெறும் தரையாகவே தெரியும். வேலி இல்லாத வீட்டில், மூடிய குளம் திறந்த குளத்தைவிட ஆபத்தானது.