வியூவில் மளிகைப் பட்டியல்: தரவு வந்தும் திரை மாறவில்லையா?

எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரிந்தவர்களுக்கு இணையப் பக்கத் திரைகளை உருவாக்கும் முதல் ஃபிரேம்வொர்க்காக நான் வியூவைத்தான் சொல்வேன். இங்கே அதில் ஒரு சின்ன மளிகைப் பட்டியல் செய்வோம். எவான் யூ 2014-இல் வெளியிட்டது. பழக வேண்டியது 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே 'நியூ வியூ' என்று தொடங்கும் பாடம் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் டெர்மினலில் 'என்பிஎம் கிரியேட் வியூ' கட்டளையை, லேட்டஸ்ட் பதிப்பு கேட்டு ஓட்டுங்கள் (என்பிஎம் என்பது நோட் ஜேஎஸ்ஸோடு வரும் பேக்கேஜ் கருவி). ரவுட்டர் (பக்கம் மாற்ற உதவுவது) வேண்டுமா, பினியா (பொதுத் தரவைச் சேமிப்பது) வேண்டுமா என்று கேட்கும். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். அப்புறம் அது உருவாக்கிய ஃபோல்டருக்குள் போய் 'என்பிஎம் இன்ஸ்டால்', 'என்பிஎம் ரன் டெவ்' இரண்டையும் ஓட்டுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 5173-ஐத் திறந்தால் பக்கம் வந்துவிடும். விஎஸ் கோடில் வியூவின் அதிகாரப்பூர்வ எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். பழைய வியூ எக்ஸ்டென்ஷனான வெட்டூர் இருந்தால் நீக்கிவிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் தகராறுதான்.

அடுத்து, ஆப் கோப்பைக் காலி செய்துவிட்டு ஸ்கிரிப்ட் செட்டப் (ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் இடம்), டெம்ப்ளேட் (திரையில் தெரியும் எச்டிஎம்எல்) என இரண்டு பகுதிகள் மட்டும் வையுங்கள். மளிகைப் பொருள்களை வைக்கும் மாறிக்குப் 'பட்டியல்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் 'வி-ஃபார்' (வியூவின் லூப்) போட்டு ஒவ்வொரு பொருளையும் காட்டுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். பட்டியலை 'லெட்' போட்டு, 'ரியாக்டிவ்' (தரவு மாறினால் திரையையும் மாற்றவைக்கும் வியூவின் ஃபங்ஷன்) கொண்டு ஒரு காலி அரேயாக உருவாக்கினேன். சர்வரிலிருந்து பொருள்கள் வந்ததும் 'பட்டியல் = வந்த தரவு' என்று எழுதினேன். கன்சோலில் பன்னிரண்டு பொருள்களும் இருக்கின்றன, திரை காலி. பிழைச் செய்தியும் இல்லை. வேறொரு பட்டனை அழுத்தினால் மட்டும் திடீரென்று எல்லாம் தோன்றுகின்றன! ஒரு மாலை முழுக்கச் சர்வரையே சந்தேகப்பட்டேன்.

காரணம் இதுதான். 'ரியாக்டிவ்' நம் அரேயைச் சுற்றி ஒரு ப்ராக்ஸியை, அதாவது மாற்றங்களைக் கவனிக்கும் ஓர் உறையைப் போடுகிறது. வியூ கவனிப்பது அந்த ப்ராக்ஸியை. 'பட்டியல்' என்ற பெயரை அல்ல. பெயருக்குப் புது அரேயைக் கொடுத்தால் வியூவுக்கு அது தெரியவே தெரியாது. வேறு காரணத்துக்காகத் திரை மறுபடி வரையப்படும்போதுதான் புதியது கண்ணில் படும்.

அதனால் என் பழக்கம் இப்போது இரண்டு. எதற்கும் 'ரெஃப்' (மதிப்பை 'வேல்யூ' என்ற பெயரில் உள்ளே வைத்துக் கவனிக்கும் வியூ ஃபங்ஷன்) மட்டும், எப்போதும் 'கான்ஸ்ட்'. ஸ்கிரிப்டுக்குள் 'பட்டியல் டாட் வேல்யூ'வுக்குத் தரவைக் கொடுங்கள், திரை உடனே மாறும். டெம்ப்ளேட்டில் டாட் வேல்யூ தேவையில்லை. ஸ்கிரிப்டில் அதை மறந்துவிட்டுப் புது மதிப்பைக் கொடுத்தாலும், 'கான்ஸ்ட்' இருப்பதால் உடனே பிழை காட்டும். அமைதியாகத் தவறாக ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவர், டிக் போட்டிருந்த அரிசியை நீக்கியதும் அந்த டிக் பருப்புக்குப் போய்விட்டது என்றார். 'வி-ஃபார்' வரிசையில் ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காண வியூவுக்குத் தரும் 'கீ'யாக அவர் வரிசை எண்ணைக் கொடுத்திருந்தார். அரிசி போனதும் பருப்பு அதே எண்ணுக்கு வந்துவிடும். வியூவும் பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றும். பொருளைச் சேர்க்கும்போதே அதற்கென மாறாத ஒரு ஐடி கொடுத்து, அதையே 'கீ'யாக வையுங்கள். டிக்கையும் 'வி-மாடல்' (உள்ளீட்டுப் பெட்டியையும் தரவையும் இணைப்பது) வழியாக அந்தப் பொருளோடு இணைத்துவிடுங்கள்.