கோத்தகிரியிலருந்து கண்டிக்கு ஒரு சின்ன ட்ரிப்

கோத்தகிரி, கூடலூர் பக்கம் 1964ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துல அங்கருந்து வந்த குடும்பங்க நிறைய, கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவங்ககிட்ட கண்டி பத்தி உக்காந்து கேளுங்க. திருச்சியிலருந்து கொழும்புக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, ஆன்லைன்ல இ.டி.ஏ. (இலங்கைக்குள்ள போறதுக்கான பயண அனுமதி) முன்னாடியே போட்டுருங்க. கொழும்புலருந்து சுமார் 115 கி.மீ.தான், ஆனா கடைசியில மலை ரோடு, அரை நாள் ஒதுக்குங்க.

புத்தரோட பல்லை வெச்சிருக்கிற கோயில்தான் தலதா மாளிகை, அங்க சாயங்கால பூஜைக்கே போங்க. தோள், முழங்கால் மூடணும், வெள்ளைத் துணின்னா ரொம்ப நல்லது, செருப்பு வெளியவே. கீழ மேளம் அதிரும், மேல கதவு திறப்பாங்க, வரிசை நகர்ந்துட்டே இருக்கும், பல் இருக்கிற தங்கப் பேழைய சில செகண்ட்தான் பாக்க முடியும், அதனால அந்த நேரம் போனை பையில போட்டுட்டு கண்ணால பாருங்க.

பக்கத்து ஏரி, கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ல கட்டினது. 1815ல பிரிட்டிஷ்காரங்க அவரைப் பிடிச்சு நம்ம வேலூர்ல கொண்டுவந்து வெச்சாங்க, சமாதியும் அங்கதான். இது தெரிஞ்சு ஏரியச் சுத்தி நடந்தா மனசு கனத்துரும்.

மறுநாள் பேராதனை பொட்டானிக்கல் கார்டன். ஊட்டி குளிர் அங்க இல்ல, ஸ்வெட்டர் வேண்டாம். ஜூலை-ஆகஸ்ட்ல வர்ற பெரஹரா (தலதா மாளிகை ஊர்வலத் திருவிழா) சமயம்னா ரூம் ரொம்ப முன்னாடியே புக் பண்ணிருங்க.