குடிநீர் மருந்தில் சோடியம் பென்சோயேட்: புதியவர்களுக்கான செய்முறை

திருநெல்வேலிச் சீமையில் சித்த மருந்து தயாரிக்கும் சிறு கூடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதனால் குடிநீரும் (மூலிகைக் கஷாயம்) மணப்பாகும் (சர்க்கரைப் பாகு மருந்து) இந்த ஊர்க்காரர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் வீட்டில் காய்ச்சி அன்றே குடிக்கும் கஷாயம் வேறு, பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கடை அலமாரியில் நிற்கப்போகும் கஷாயம் வேறு. இரண்டாவதற்குப் பாதுகாப்புப் பொருள் வேண்டும். பெரும்பாலும் அது சோடியம் பென்சோயேட்தான்.

எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளைப் பொடி தானாக மருந்தைக் காப்பதில்லை. மருந்து போதிய அளவு புளிப்பாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பொடியைச் சரியாக நிறுத்துப் போட்டும் பாட்டிலில் பூஞ்சை படர்கிறது என்றால், நான் முதலில் பார்ப்பது தராசை அல்ல, பி.எச். அளவை. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.

பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சோடியம் பென்சோயேட் என்பது பென்சாயிக் அமிலத்தின் சோடியம் உப்பு. பென்சாயிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது சாம்பிராணிப் பிசினிலிருந்து. இன்று அது ஆலையில் செய்யப்படுகிறது. வெள்ளைப் பொடியாகவோ குருணையாகவோ வரும். மணம் இல்லை. சற்றே இனித்துத் துவர்க்கும். ஆனால் கூடத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

தண்ணீரில் இது தாராளமாகக் கரையும். 100 மில்லி நீரில் 50 கிராமுக்கு மேலேயே கரைந்துவிடும். பென்சாயிக் அமிலமோ 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3.4 கிராம்தான் கரையும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வரிசைமுறை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

கிருமியைத் தடுப்பது உப்பு அல்ல, பிரியாமல் முழு மூலக்கூறாக நிற்கும் அமிலம். அதுதான் பூஞ்சை, ஈஸ்ட் ஆகியவற்றின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே நுழையும். நுழைந்த பிறகு அங்கே பிரிந்து, செல்லின் உட்புறத்தைப் புளிக்கச் செய்து, அதன் வளர்ச்சியை முடக்கும். பி.எச். 4.2 ஆக இருக்கும்போது நாம் போட்டதில் சரிபாதி இந்த அமில வடிவில் இருக்கும். 3.2 என்றால் 91 சதவீதம். 5.2 என்றால் வெறும் 9 சதவீதம். 6.2 என்றால் 1 சதவீதத்தை ஒட்டித்தான். அதாவது பி.எச். 6.2 உள்ள குடிநீரில் 20 கிராம் போட்டால், காவல் நிற்பது 0.2 கிராம் மட்டுமே. மீதி முழுவதும் குடிப்பவர் வயிற்றுக்குச் சும்மா போகிறது.

பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் எதிராக இது வலுவானது. பாக்டீரியாவுக்கு எதிராக அவ்வளவு இல்லை. ஆகவே அழுக்குப் பாத்திரத்தையும் கழுவாத கையையும் இந்தப் பொடி மன்னிக்காது.

முதல் படி: சரியான பொடியை வாங்குதல்

லேபிளில் 'ஐ.பி.' என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். இந்திய மருந்தியல் நூலின் தரத்துக்கு உட்பட்டது என்று அதற்குப் பொருள். இதே பொருள் இயந்திரக் குளிர்நீரில் துருப் பிடிக்காமல் இருக்கவும் பயன்படுகிறது. விசில் அடிக்கும் பட்டாசிலும் பென்சோயேட் உப்புகள் சேர்கின்றன. அந்த வேலைகளுக்கான மலிவுச் சரக்கு மருந்துக்கு ஆகாது. பகுப்பாய்வுச் சான்றிதழ் இல்லாத மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எத்தனை வருடப் பழக்கமான வியாபாரியாக இருந்தாலும் சரி.

வந்த சரக்கு அதுதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிது பொடியை நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விடுங்கள். வெள்ளையாகப் பென்சாயிக் அமிலம் திரண்டு இறங்கும். இன்னொரு பங்கில் பெரிக் குளோரைடு கரைசலை விட்டால் மங்கிய மஞ்சள் வீழ்படிவு தோன்றும். இது அடையாளம் காண மட்டுமே. தூய்மையைச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

இரண்டாம் படி: வைக்கும் இடம்

பொடி ஈரத்தை மெதுவாக இழுக்கும். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மூடியைச் சரியாக இறுக்காத டப்பாவில் பொடி கட்டிகட்டியாகிவிடும். கட்டியானதை நிறுத்தால் அதில் உள்ள ஈரத்தையும் சேர்த்தே நிறுக்கிறோம், மருந்தில் அளவு குறைகிறது. இறுக்கமாக மூடிய கொள்கலன், வெயில் படாத அறை, தரையிலிருந்து உயர்த்திய பலகை. பலகையைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. மூலப்பொருளைத் தரையில் வைக்க இங்கே யாருக்கும் மனம் வரக் கூடாது.

மூன்றாம் படி: எடை போடுதல்

மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் அது கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துங்கள். நுண்தூள் பறந்து கண்ணில் பட்டால் எரியும், மூச்சில் போனால் இருமல் வரும். சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. கையுறை, முகக்கவசம், பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி மூன்றும் அவசியம். காற்றில் அடர்த்தியாகப் பரவிய தூள் தீப்பொறி பட்டால் வெடித்து எரியக்கூடும். ஆகவே கஷாயம் காய்கிற அடுப்புப் பக்கத்தில் தராசை வைக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கீழே சிந்தினால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அளவுக்கு வருவோம். வாய்வழி மருந்துகளில் இது 0.02 முதல் 0.5 சதவீதம் வரை சேர்க்கப்படுவது வழக்கம். உங்கள் கூடத்தின் அங்கீகரிக்கப்பட்ட செய்முறையில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. உதாரணத்துக்கு 0.2 சதவீதம் என்றால், 10 லிட்டருக்கு 20 கிராம். ஒருவர் நிறுக்க, இன்னொருவர் தராசின் எண்ணைப் பார்த்துப் பேட்ச் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

கூடுதலாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 0.2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தை வேளைக்கு 5 மில்லி வீதம் மூன்று வேளை குடித்தால் நாளுக்கு 30 மில்லிகிராம். உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 2021 இல் அதை 20 ஆக உயர்த்தியது. பழைய வரம்பின்படியே இந்தக் குழந்தைக்கு 50 மில்லிகிராம் வரை இடமுண்டு. ஆனால் அதே குழந்தை ஜாமும் பாட்டில் பழரசமும் சாப்பிடுகிறது, அவற்றிலும் பென்சோயேட் இருக்கும். இரட்டிப்பாகப் போட்டால் பழைய வரம்பை மருந்து மட்டுமே தாண்டிவிடும்.

பெரியவர்களின் கல்லீரல் இதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பிறந்த குழந்தையின் கதை வேறு. முதல் நான்கு வாரங்களில் பென்சோயேட் ரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை, அதைப் பிடித்துவைத்திருக்கும் அல்புமின் புரதத்திலிருந்து விலக்கி மஞ்சள் காமாலையைக் கூட்டக்கூடும். இதற்கு நெருங்கிய உறவான பென்சைல் ஆல்கஹால் கலந்த ஊசி நீரால் குறைமாதக் குழந்தைகள் இறந்ததாக 1982 இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வெளியானது. அதுவும் உடலில் பென்சாயிக் அமிலமாகத்தான் மாறுகிறது. பச்சிளங்குழந்தைக்கான மருந்து என்றால் பாதுகாப்புப் பொருளைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க வேண்டாம்.

நான்காம் படி: கரைத்துச் சேர்த்தல்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். வடிகட்டிய குடிநீர் ஆறட்டும். 20 கிராம் பொடியை 100 மில்லி சுத்திகரித்த நீரில் தனியாகக் கரையுங்கள். தெளிந்த கரைசல் கிடைக்கும். அதைக் குடிநீரில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அதன் பிறகே, அடுத்த படியில் சொல்லும் சிட்ரிக் அமிலம்.

அமிலத்தை முந்தி ஊற்றினால், அல்லது கெட்டியான அமிலக் கரைசலை ஒரே இடத்தில் கொட்டினால், அந்த இடத்தில் பென்சோயேட் சட்டென்று பென்சாயிக் அமிலமாகித் திரளும். அது மறுபடி கரைய வெகுநேரம் பிடிக்கும். கரையாதது வடிகட்டித் துணியில் தங்கிக் குப்பைக்குப் போகும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியும் இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரும் ஆகாது. பெரிக் உப்புகளோடு பென்சோயேட் வீழ்படிவாகும், கஷாயத்தின் துவர்ப்புச் சத்தும் கறுத்துப்போகும்.

ஐந்தாம் படி: புளிப்பைச் சரிசெய்தல்

இதுதான் முழு வேலையின் உயிர்நிலை. காகிதப் பட்டையை நம்பாதீர்கள். கஷாயத்தின் பழுப்பு நிறம் பட்டையில் ஏறி, எந்த நிறத்தைப் படிப்பது என்றே தெரியாமல் போகும். மின் பி.எச். மானி வேண்டும். அதையும் வேலை தொடங்கும் முன் பி.எச். 4, 7 என்று நிலையாக நிற்கும் இரண்டு தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பென்சோயேட் சேர்க்கும் முன் பார்த்த பி.எச். எதற்கும் உதவாது. பொடியின் கரைசல் லேசான காரம் உள்ளது, சேர்த்ததும் அளவு ஏறும். ஆகவே சேர்த்துக் கலக்கிய பிறகே அளந்து, 10 சதவீதச் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கலக்கி அளந்து, செய்முறையில் குறித்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பி.எச். 4 இல் ஏறத்தாழ 61 சதவீதம் வேலை செய்யும் வடிவில் இருக்கும்.

புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறதே, சிட்ரிக் அமிலம் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி இருக்கிறது. பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒரே திரவத்தில் இருந்து, உலோகத் துணுக்குகளும் வெப்பமும் ஒளியும் சேர்ந்தால் சிறிதளவு பென்சீன் உருவாகக்கூடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. குளிர்பானங்களில் இது நிகழ்வது 1990 வாக்கிலேயே தெரியவந்தது. வேனிற்காலத்தில் லாரியிலும் தகரக் கூரைக் கிடங்கிலும் நம் பாட்டில்கள் படும் சூட்டை நினைத்துப் பாருங்கள். நெல்லிக்காய் சேர்ந்த மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே வேறு பாதுகாப்புப் பொருளைப் பற்றிப் பொறுப்பு மருந்தாளுநரிடம் பேசுங்கள். புளிப்பை ஏற்றவே முடியாத மருந்துகளுக்கும் பாரபென் வகை போன்ற வேறு வழிகள் உண்டு. எதுவானாலும் செய்முறையை நீங்களாக மாற்றக் கூடாது. உரிமம் அந்தச் செய்முறைக்குத்தான்.

கடைசியில் நீர் சேர்த்து 10 லிட்டராக்கி, பி.எச். அளவை மறுபடி பாருங்கள்.

மணப்பாகு பற்றி ஒரு வார்த்தை

ஆடாதோடை மணப்பாகு போன்றவற்றில் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சர்க்கரை இருந்தால், சர்க்கரையே கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்துவிடும். ஆனால் சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடினால் ஆவி மூடிக்கு அடியில் முத்து முத்தாகத் திரண்டு, பாகின் மேல் சொட்டும். அந்த மேல்படலம் மட்டும் நீர்த்துப்போகும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். ஆறிய பின் அடைப்பதே இதற்கு மருந்து.

ஆறாம் படி: அடைத்து, கவனித்தல்

லேபிளில் பாதுகாப்புப் பொருளின் பெயரும் அளவும் இருக்கட்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் சில பாட்டில்களை மாதிரியாக ஒதுக்கி, அவ்வப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த பாட்டிலில் பளபளக்கும் ஊசிகள் தெரிந்தால் பதற வேண்டாம். குளிரில் பென்சாயிக் அமிலம் கரைதிறன் குறைந்து படிகமாவது அது. அளவு அதிகமோ, பி.எச். மிகத் தாழ்ந்ததோ என்று பதிவேட்டைப் பாருங்கள்.

மேலே வெள்ளைப் படலம், மூடி திறக்கையில் வாயு, புளித்த வாடை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் பேட்ச் முழுவதையும் நிறுத்திவைத்துப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வடிகட்டிக் கொதிக்கவைத்து மறுபடி அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கொதிநீரில் பூஞ்சை செத்தாலும் அது விட்ட நஞ்சுகளில் பல அழிவதில்லை. அந்தச் சரக்கை ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றாமல், கழிவாகப் பதிவுசெய்து கூடத்தின் கழிவு முறைப்படியே அகற்ற வேண்டும்.