ஃப்ளஷ் தொட்டியில் தவளை, பாதையெல்லாம் குட்டித் தவளைகள்: பார்ப்பதும் குறிப்பதும்

ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு மரத்தவளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நமக்குத்தான் அது விநோதம். அதற்கு அது ஈரமான ஒரு மரப்பொந்து, அவ்வளவுதான். இதைவிட விநோதமான இடங்களிலும் தவளைகள் உண்டு: தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் உப்புக் கலந்த தண்ணீரிலேயே ஒரு தவளை இனம் வாழ்கிறது!

1. எங்கே தவளையைப் பார்த்தாலும் தொடாதீர்கள். தவளையின் தோல் தண்ணீரையும் காற்றையும் உறிஞ்சும். உங்கள் கையிலுள்ள சோப்பும் கொசு விரட்டி க்ரீமும்கூட அதன் வழியே உள்ளே போகும்.

2. இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, விரல் நுனிகள் தெரிய ஒன்று. நுனியில் வட்டத் தட்டு இருந்தால் பெரும்பாலும் ஏறும் வகை. தேதி, நேரம், மழை பெய்ததா, அருகே எது ஈரம் என்பதையும் எழுதுங்கள்.

3. இனி, பாதையெல்லாம் குட்டித் தவளைகள் தெரிந்தால் எண்ணிக்கை. இதில்தான் எல்லோரும் சறுக்குவோம். 'ஆயிரக்கணக்கில்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் எண்ணுங்கள், நாலைந்து இடங்களில். அப்புறம் ஒன்றைக் குனிந்து பாருங்கள்: நகத்தளவு உடம்பு, பின்னால் கறுப்பாக ஒரு வால் துண்டு. அப்படியென்றால் தலைப்பிரட்டைகள் ஒரே சமயத்தில் உருமாறிக் கரையேறியிருக்கின்றன. பக்கத்தில் எங்கோ குட்டை இருக்கும், தேடுங்கள்.

இரவில் டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் தவளையின் கண்கள் மின்னும். சிலந்திக் கண்களும் மின்னும். முதல் நாள் நான் எண்ணிய 'தவளைகளில்' பாதி சிலந்திகள்தான்.

4. கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதால் எண்ணலாம். டார்ச்சை அணைத்துவிட்டு 5 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கேட்டதை 0 முதல் 3 வரை ஓர் எண்ணாகக் குறியுங்கள். சத்தமே இல்லையென்றால் 0. தனித்தனியாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2. இடைவெளியில்லாத ஒரே இரைச்சல் என்றால் 3. கத்துபவை பெரும்பாலும் ஆண்கள்தான், ஆகவே இது மொத்தக் கணக்கு ஆகாது. சரி, அடுத்த வாரமும் அதே இடம், அதே நேரம். 0 வந்தாலும் எழுதுங்கள்.

5. ஈரக் காலணியோடு ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாதீர்கள். தவளைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும். சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த குளம்.