குளிர்காலத் தார் பாலைவனம்: படமெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் ஜெய்சல்மேர் பக்கம் கேமராவோடு கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸ் எடுத்துப்போகலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எனக்கென்னவோ முதலில் யோசிக்க வேண்டியது காற்றைப் பற்றி என்று தோன்றும். அங்கே மணல் மேடுகளைக் குவிப்பது கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அந்த மாதங்களில் மணலில் பதிகிற தடத்தை அதுவே சீக்கிரம் மூடிவிடும். குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் அடங்கிக் கிடப்பதால், ஒருவர் ஏறி இறங்கிய தடம் நாள்கணக்கில் அழியாது. மாலையில் ஜெய்சல்மேருக்கு மேற்கே இருக்கும் ‘சம்’ என்ற ஊரின் மணல் மேடுகளில் போய் இறங்கினால் ஒட்டகக் குளம்பும் ஜீப் சக்கரமும் உழுத மணல்தான் கண்ணில் படும்.

அதனால் மேட்டைப் பார்த்த உற்சாகத்தில் நேரே உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். அந்தப் படத்தை வேறு யாரும் கெடுக்க வேண்டாம், நம் கால்களே போதும். அடிவாரத்திலேயே நின்று எந்த வளைவு படத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் அதைத் தொடாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். நான்கைந்து பேராகப் போனால் எல்லோரும் ஒரே தடத்தில் நடக்க வேண்டும். சம்மில் கூட்டம் தாங்கவில்லை என்றால் தெற்கே கூரி கிராமத்துப் பக்கம் போகலாம். அங்கேயும் கூடார முகாம்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தால்தான் காற்று வரைந்த வரிகள் கலையாமல் கிடைக்கும்.

அடுத்தது வெளிச்சம். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7.25 ஆகிவிடும். சென்னைக் கணக்கில் ஐந்தரைக்கே போய் இருட்டில் நடுங்க வேண்டியதில்லை, 6.45-க்கு இடத்தில் இருந்தால் போதும். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 26 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். கிழக்கு என்று நினைத்து முந்தின மாலையே இடம் குறித்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கே கேமராவை மூடிவிட்டு அறைக்குத் திரும்புவது இன்னொரு தவறு. அந்த நாட்களில் உச்சிவேளையில்கூடச் சூரியன் 40 டிகிரிக்கு மேல் ஏறாது. காலை பத்து மணிக்குச் சுமார் 25 டிகிரிதான், மாலை நான்கு மணிக்கு அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. மேடுகளின் மடிப்புகளில் நிழல் அப்போதும் நன்றாக விழும்.

வெளிறிய மணலைக் கேமரா மங்கலாகவே பதிவு செய்யும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பால்வீதியின் மையத்தை எடுத்துவிடலாம் என்று மார்கழியில் கிளம்புகிறவர்கள் உண்டு. மார்கழியில் சூரியன் தனுசில் இருக்கிறது, பால்வீதியின் மையமும் அந்தத் திசையில்தான். ஆகவே அது பகல் வானத்தோடு போய்விடும். அதற்குப் பதில் முன்னிரவிலேயே திருவாதிரையும் கார்த்திகைக் கூட்டமும் கிழக்கே எழுந்து நிற்கும், அவற்றை எடுங்கள். ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழா ஜனவரி அல்லது பிப்ரவரியில் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். விழாவைப் பார்க்க நல்ல சமயம்தான், ஆனால் நிலா வெளிச்சத்தில் விண்மீன்கள் மங்கிவிடும்.

கருவிகளைப் பொறுத்தவரை மணல் மேட்டில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். லென்ஸில் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், புளோயரால் ஊதி எடுங்கள். டிரைபாட் காலை விரிக்கும்போது அடிக்கண்ணியை முதலில் நீட்டுங்கள், அப்போதுதான் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். உபரி பேட்டரியை உடம்புச் சூட்டில் இருக்கும்படி சட்டைப்பையில் வையுங்கள். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் வருமுன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

மணல் மேட்டை மட்டுமே எடுத்துத் திரும்புவதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான தவறு. தாரில் புதர்க்காடும் கல்தரையும் ஏராளம். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. குளிர்காலத்தில் ஆடு, ஒட்டகத் தீவனத்துக்காக அதன் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். மொட்டையாக நிற்கும் அந்தக் கணுக்களில் சாய்வெயில் படும்போது அருமையான படம் அமையும். இந்தப் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பறவையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. நல்ல கோணம் வேண்டும் என்று ஜீப்பைத் தடம் விட்டு இறக்கச் சொல்லாதீர்கள். எல்லை மாவட்டம் என்பதால் அனுமதி இல்லாமல் டிரோனையும் பறக்கவிடக் கூடாது.