பியானோ கிரேட் பரீட்சை: வீட்டில் விடக்கூடாத பிழைகள்

திருகோணமலையில், உவர்மலையிலோ உப்புவெளியிலோ, பியானோ பரீட்சைக்குப் பெயர் கொடுத்த பிள்ளை இருக்கிற வீட்டுப் பக்கம் பின்னேரம் போனால் மாதக்கணக்கில் அதே மூன்று பீஸ்தான் (பரீட்சைக்கென்று தெரிந்த பாடல்கள்) கேட்கும். ஸ்கேல் (சுரவரிசை) எப்போதாவது கேட்கும். பிள்ளை வாய் திறந்து பாடுவது அனேகமாகக் கேட்காது. பரீட்சையில் புள்ளி எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரும் கணக்குப் பார்க்காததால் வருகிற பிழை இது.

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய சங்கீதப் பரீட்சைச் சபையின் நேரடிப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். மொத்தப் புள்ளி 150. மூன்று பீஸுக்கும் தலா 30, ஸ்கேலும் ஆர்பெஜியோவும் (ஒரு கோர்வையின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) சேர்த்து 21, முன்பு பார்த்திராததைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்லும் ஓரல் (aural) டெஸ்டுக்கு 18. பாஸாக 100 வேண்டும், மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. இப்போது ஒரு பிள்ளை மூன்று பீஸையும் நன்றாக வாசித்து ஒவ்வொன்றுக்கும் 24 எடுக்கிறது என்று வையுங்கள். அது மெரிட் தரத்து வாசிப்பு. ஆனால் ஸ்கேலில் 10, சைட் ரீடிங்கில் 9, ஓரலில் 8 என்று போனால் கூட்டுத்தொகை 99. ஒரு புள்ளியால் பாஸ் போய்விடும். ட்ரினிட்டி என்ற இன்னொரு சபையின் பரீட்சையில் மொத்தம் 100, பாஸ் 60, பிரிவுகளும் வேறு. அங்கேயும் பீஸை மட்டும் நம்பிப் போவது ஆபத்துத்தான்.

பீஸைச் சொல்லிக்கொடுக்க ரீச்சர் வேண்டும். மற்ற மூன்றுக்கும் சங்கீதமே தெரியாத அம்மாவோ அப்பாவோ வீட்டிலிருந்தே நிறைய உதவலாம். நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

ஸ்கேலில் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது விரலால் அல்ல. புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே தினமும் வாசித்துப் பழகியிருப்பார்கள். பரீட்சையில் எக்ஸாமினர் அந்த வரிசையில் கேட்கமாட்டார், புத்தகம் பார்த்து வாசிக்கவும் முடியாது. ஒவ்வொரு ஸ்கேலின் பெயரையும் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பால்மாப் பேணியில் போட்டுவிடுங்கள். தினமும் நாலு துண்டை எடுத்து நீங்களே வாசித்துக் கேளுங்கள். கேட்டதும் பிள்ளை ஒரு மூச்சு எடுத்து, தொடக்க விரலை யோசித்து, பிறகு வாசிக்கட்டும். அவசரமாகத் தொடங்கி இரண்டு தரம் நிறுத்துவதைவிட, கொஞ்சம் பொறுத்துத் தொடங்கி ஒரே ஓட்டமாக முடிப்பது நல்லது.

கேட்கும்போது ஆங்கிலத்தில் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ் மூலம் படிக்கிறவர்கள். பரீட்சை அறையிலோ எல்லாம் ஆங்கிலம். 'டி மைனர், லெஃப்ட் ஹேண்ட்', 'ஹேண்ட்ஸ் டுகெதர்', 'கான்ட்ரரி மோஷன்' (இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில்) என்று புதிய குரலில், வேறு உச்சரிப்பில் கேட்டதும், வீட்டில் நன்றாக வாசித்த ஸ்கேலே பிள்ளைக்கு மறந்துபோகும். விளங்காவிட்டால் 'ப்ளீஸ் ரிப்பீட்' என்று கேட்கலாம், அதற்குப் புள்ளி குறையாது என்பதை முதலே சொல்லிக்கொடுங்கள். இதைச் சொல்லாமல் அனுப்புவதால் விளங்காத கேள்விக்கும் தலையாட்டிவிட்டு எதையோ வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பிள்ளையின் குற்றம் இல்லை.

ஓரல் டெஸ்டுக்கும் இந்த ஆங்கிலம் வேண்டும். கிரேட் 1 இல் நாலு விஷயம் பார்ப்பார்கள். தாளத்துக்குக் கைதட்டி, அது இரண்டு எண்ணிக்கைத் தாளமா மூன்றா என்று சொல்ல வேண்டும். எக்ஸாமினர் வாசிக்கும் சின்னச் சின்ன வரியைத் திருப்பிப் பாட வேண்டும். இரண்டாம் தரம் வாசிக்கும்போது சுரம் மாறியது தொடக்கத்திலா முடிவிலா என்று சொல்ல வேண்டும். கடைசியாக, கேட்ட பாட்டு சத்தமா மென்மையா, சேர்ந்து ஓடியதா விட்டு விட்டுப் போனதா என்பதுபோல இரண்டு கேள்வி வரும். 'ஸ்மூத்', 'டிடாச்ட்' என்ற சொற்கள் பிள்ளைக்கு முதலே பழக்கமாக இருக்க வேண்டும்.

இதைக் கடைசி வாரத்துக்கு விடுவதுதான் பெரிய பிழை. பாட வெட்கப்படும் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் வெட்கம் போகாது. எக்ஸாமினர் பார்ப்பது சுரம் சரியா என்பதைத்தான். குரல் இனிமைக்குப் புள்ளி இல்லை. 'லா' என்றும் பாடலாம், வாய் மூடி முனகலாம், விசிலடிக்கவும் செய்யலாம். குரல் உடையும் வயதுப் பையன்கள் தங்களுக்கு வசதியான உயரத்தில் பாடலாம். தேவாரம் பழகிய பிள்ளையோ தேவாலயக் கொயரில் பாடுகிற பிள்ளையோ என்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. அந்தப் பழக்கத்தைப் பரீட்சைக்காக நிறுத்திவிடாதீர்கள். பியானோவுக்கு நேரம் வேண்டுமென்று பாட்டு வகுப்பை நிறுத்தும் வீடுகளைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

சைட் ரீடிங்கில் அரை நிமிடம் தருவார்கள். அந்த அரை நிமிடத்தில் வாசித்தும் பார்க்கலாம். இது தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். முதல் வரியையும் கடைசிச் சுரத்தையும் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். வராது என்று கையை எடுத்துவிட்டால் பூச்சியம். தட்டுத் தடுமாறி வாசித்தாலும் கொஞ்சப் புள்ளி கிடைக்கும். தினமும் முன்பு பார்த்திராத நாலு வரி வேண்டும், அவ்வளவுதான். கீழ்க் கிரேட்டின் பழைய புத்தகங்கள் இதற்கு நன்றாக உதவும்.

ஆனால் அக்கா வாசித்த அதே பழைய புத்தகத்திலிருந்து பரீட்சைக்குப் பீஸ் எடுக்காதீர்கள். சிலபஸ் காலத்துக்குக் காலம் மாறும். போட்டோகொப்பியோடு பரீட்சை அறைக்குப் போவதும் பிழை, புத்தகத்தையே வாங்குங்கள்.

அப்புறம், குசினியிலிருந்து வரும் சத்தம். "பிழை, திரும்ப முதலிலிருந்து வாசி!" காது கூர்மையான அம்மாமார் செய்வது இது. நல்லெண்ணம்தான், ஆனால் பிழை வந்தால் நிறுத்த வேண்டும் என்றுதான் பிள்ளை இதிலிருந்து படிக்கிறது. பரீட்சையில் ஒவ்வொரு பீஸையும் சுரம், தாளமும் வேகமும், ஒலியின் தன்மை, வரிகளின் வடிவம், மொத்த வாசிப்பு என்று ஐந்து பக்கமாகப் பார்க்கிறார்கள். பிழையான ஒரு சுரம் அந்த ஐந்தில் ஒன்றைத்தான் கொஞ்சம் தொடும். அதற்காக நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் தாளம் உடையும், வரி உடையும், மொத்த வாசிப்பும் கெடும். பிழை திருத்தும் நேரம் வேறு, வாசித்துக் காட்டும் நேரம் வேறு. திருத்தி முடிந்த பிறகு, கடைசியாக ஒரு தரம் என்ன வந்தாலும் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. வாசிக்கும்போது எக்ஸாமினர் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். எழுதினால் பிழை என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

வாத்தியத்தைப் பற்றி ஒன்று. 61 கட்டைக் கீபோர்டில் தொடங்குவதில் பிழையில்லை, எல்லா வீட்டிலும் பியானோ வாங்க முடியாது. ஆனால் அதில் மட்டும் பழகிப் பரீட்சைக்குப் போனால் பியானோவின் கட்டை கனமாக இருக்கும்; மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் சத்தமே வராமல் போகலாம். பள்ளிக்கூட மண்டபத்திலோ தேவாலயத்திலோ பியானோ இருந்தால், பொறுப்பானவரிடம் கேட்டுப் பரீட்சைக்கு முன் சில நாளாவது வாசிக்க விடுங்கள். இனி வாங்குவதாக இருந்தால் 88 கட்டையும் பாரமான கட்டையும் உள்ள டிஜிட்டல் பியானோ எங்கள் ஊருக்கு நல்ல தெரிவு. கடற்காற்றில் பியானோக் கம்பி துருப்பிடிக்கும், மாரியில் ஈரம் ஏறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதியும் விலகும். சுருதி விலகிய பியானோவில் வருடக்கணக்காகப் பழகும் பிள்ளையின் காது ஓரல் டெஸ்டில் குழம்பும். பியானோ வைத்திருப்பவர்கள் அதைக் கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

வீட்டில் வெறுங்காலோடு வாசிக்கிற பிள்ளை பரீட்சை நாளில்தான் முதல் தரம் சப்பாத்தோடு பெடலை மிதிக்கிறது. அந்தச் சப்பாத்தோடு ஒரு வாரம் பழக்குங்கள். நகத்தை முதல் நாள் வெட்டிவிடுங்கள். கதிரை உயரமாகவோ பதிவாகவோ இருந்தால் சரிசெய்யலாம், தொடங்குமுன் இரண்டு சுரம் தொட்டும் பார்க்கலாம். பீஸில் தொடங்குவதா ஸ்கேலில் தொடங்குவதா என்பதும் பிள்ளையின் விருப்பம். இதையெல்லாம் வீட்டில் ஒருநாள் நடித்துப் பாருங்கள்: வாசலிலிருந்து உள்ளே வந்து, 'குட் மோர்னிங்' சொல்லி, கதிரையைச் சரிசெய்து, வாசித்து, எழும்பி வெளியே போகும்வரை.

நிலையம் கொழும்பில் விழுந்தால், இரவு ரயிலில் போய் இறங்கி நேரே பரீட்சைக்குப் போகாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். ஏசி அறையில் சின்னக் கை குளிர்ந்து விறைக்கும், உள்ளே போகும்வரை கையைச் சூடாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பயணம் கஷ்டமென்றால் 2020 இல் வந்த ஏபிஆர்எஸ்எம் வீடியோப் பரீட்சை இருக்கிறது. நாலு பீஸ், ஸ்கேலும் ஓரலும் இல்லை. ஆனால் நாலையும் ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும், நடுவில் வெட்டி ஒட்ட முடியாது. பீஸ்களைத் தவிர மொத்த வாசிப்புக்கென்றே 30 புள்ளி உண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். விடிய வேளை என்றால் வெக்கையும் குறைவு, தெருச் சத்தமும் குறைவு.

எந்தக் கிரேட்டை எப்போது எடுப்பது என்பதையும் அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள். புலமைப்பரிசில் எழுதும் வருடத்தில் பியானோப் பரீட்சையையும் திணிக்க வேண்டாம். ஒவ்வொரு கிரேட்டாகத்தான் ஏற வேண்டும் என்ற விதியும் இல்லை, 1 முடித்த பிள்ளை நேரே 3 எடுக்கலாம். ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6 ஐயோ அதற்கு மேலேயோ நினைக்கிறவர்கள் மட்டும் கிரேட் 5 தியரியை (சங்கீதக் கோட்பாட்டுப் பரீட்சை) முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் 6 க்கு விண்ணப்பிக்கப் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு.

பெறுபேறு வந்ததும் மொத்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எக்ஸாமினர் எழுதிய குறிப்பை ரீச்சரோடு இருந்து வாசியுங்கள். அடுத்த வருடம் தினமும் அரை மணி நேரம் எதற்குப் போக வேண்டும் என்பது அதில் இருக்கும்.